ஃபேனைப் போடச் சொன்ன குரல்

அன்பு மகள் இஃப்ஃபத்துக்கு உன் அம்மா ஜஹபர் நிஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிர் ஊரில் அல்லாஹ் உன்னைச் சளி இருமல் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டதாகவே வைத்துக்கொள்.

தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் எடுத்தாலே உன் அத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவருக்குப் பேச்சுதான் போனது, காது நன்றாகக் கேட்கிறது. ரோசா அக்கா மகன் லூயிஸ் வெள்ளிக்கிழமை பிரான்சுக்குத் திரும்புகிறான், இதை உன் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொன்னான். கூடவே மிளகாய்த்தூளும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்திருக்கிறேன். நெல்லித்தோப்பு பெயிண்டு கடையை இப்போது உன் தம்பி முஆஸ்தான் பார்க்கிறான், அத்தாவும் போய் வாசல் பக்கம் உட்காருகிறார், ஆபரேஷன் செய்த தொண்டை ஓட்டையில் தூசி போகக்கூடாது என்று மெல்லிய துணி கட்டிவிடுகிறேன். கலர் கேட்பவர்களுக்கு அட்டையில் தொட்டுக் காட்டுகிறார். பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று சில பேர் அவரிடம் கத்துகிறார்கள், முதலில் கோபப்பட்டார், இப்போது அதுவும் இல்லை. நானும் சமைக்கிறேன், துணி காயப்போடுகிறேன், எல்லா வேலையும் நடக்கிறது. மனதுக்குள் ஒன்றும் இல்லை. உன் சின்னம்மா மஹீரா வந்து, வாய்விட்டு அழுதுடுக்கா, பாரம் எறங்கும் என்றாள். அழுகை வந்தால்தானே. அவள்தான் அழுதாள், நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊர் ஆட்கள் வாயில் அரபு எப்படி ஒலிக்கிறது என்பதுதானே உன் ஆராய்ச்சி. அத்தா பேசிய பதிவு அதற்கு உதவாது என்று உன் பேராசிரியர் சொல்லிவிட்டார், உதவாததை எல்லாம் அழித்துவிடுவது அங்கே வழக்கம், வைத்துக்கொள்வதானால் பேசியவர் சம்மதம் வேண்டும், அத்தாவைக் கேட்டுச் சொல் என்றாய். உதவாமல் போனதற்கு நீ காரணமில்லை. அவர் எப்போதும் சொல்கிற மாதிரி சொன்னால் போதும் என்று நீ தலைதலையாக அடித்துக்கொண்டாய். மகள் மைக் வைக்கப் போகிறாள் என்றதும் இவர் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் அரபுத் தொண்டை எழுத்துகளை எல்லாம் திருத்திக்கொண்டு வந்து, வெந்நீரில் தேன் கலந்து குடித்து, இஸ்திரி போட்ட சட்டையும் தொப்பியுமாக உட்கார்ந்து, மேடையில் நின்று ஜும்ஆ குத்பா ஓதுகிற மாதிரி நீ எழுதிக் கொடுத்த வார்த்தைகளைப் படித்தார். குர்ஆன் எழுத்தில் பிழை விட்டு அது பிரான்சு வரைக்கும் போகவா என்றுதான் நினைத்தார், நம்ம வீட்டு மனுஷர் வேறு என்ன நினைப்பார். அதிர்வு பார்க்க என்று அவர் கழுத்தில் நீ ஒரு பட்டை கட்டினாயே, அந்த இடத்தில்தான் இப்போது ஓட்டை.

அத்தாவைக் கேட்டேன். சுவரைத் துடைப்பது போல் கையைக் காட்டினார். அழிச்சிடச் சொல்றீங்களா என்று திருப்பிக் கேட்டேன். முஆஸ் வாங்கிக் கொடுத்த சிலேட்டில், அது என் கொரலு இல்ல, ஹஜ்ரத் கொரலு என்று எழுதினார். எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். நானும் சோறு போட்டேன். அவர் சொன்னதை மாற்றாமல் உனக்குச் சொல்லிவிட்டேன், அப்படியே செய். ஒவ்வொரு தொழுகைக்கும் உதடு அசைகிறது, அது போதும் என்று ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒன்று இருக்கிறது. நீ படித்தது போதும் அத்தா என்று சொன்ன பிறகும் மிஷினை உடனே நிறுத்தவில்லை, எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாய். சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தாய். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, ஏ நிஷா, ஃபேனப் போடேன், வேத்துக் கொட்டுது என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக் கத்தினார். கையெட்டற தூரந்தானே, நீங்களே போட்டுக்கங்க என்று நானும் கத்தினேன். அதுவும் அதில் இருக்கும், இருக்கட்டும். அவர் அழிக்கச் சொன்னது அரபுப் பாடத்தை. இது அரபும் இல்லை, உன் ஆராய்ச்சியும் இல்லை. இதைப் பற்றி நான் அவரைக் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. அவர் கூப்பிட்டது என்னை. அதற்குச் சம்மதம் நான் தருகிறேன். அந்தத் துண்டை மட்டும் வெட்டி என் போனுக்கு அனுப்பு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல படிப்பும் தரட்டும். ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே. அனுப்புவதை அத்தா கடையில் இருக்கும் நேரம் பார்த்து அனுப்பு. அவர் வீட்டில் இல்லாதபோது கேட்டுவிட்டு, எழுந்து போய் ஃபேனைப் போட வேண்டும்.

உன் அம்மா,
ஜஹபர் நிஷா