பைன் காட்டில் நீ தூங்கிய பகல்

மச்சான்,

இன்று காலை எங்கள் மோர்னிங்சைட் கட்டடத்தில் தரை துடைக்கிறவன் வாளியை லிப்ற் வாசலில் வைத்துவிட்டு எங்கோ போய்விட்டான். கடைக்குப் போகக் கதவைத் திறந்தேன். வாளித் தண்ணீரில் பைன் மணம். திரும்பி வந்து சப்பாத்தோடு கதிரையில் இருந்தவன்தான், எழும்பவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் சம்பளம் தந்த மணமல்லவா அது. தொண்ணூறுகளில் ரொறன்ரோவின் கண்ணாடிக் கட்டடங்களில் இரவெல்லாம் அந்தப் பைன் மருந்தைத்தான் ஊற்றித் துடைத்தோம். நான் துடைத்த தரையில் முகம் பார்த்துத்தான் அங்கே பெரிய பெரிய ஆட்கள் தலை வாரினார்கள். பொய்யில்லை. நீ பகலிலும் ஒரு ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவினாய். பஸ்ஸில் கிடைத்தால்தான் உனக்கு நித்திரை.

உன் மனைவி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். விசா கையில் இருந்தது, தவணையும் முடிந்துகொண்டிருந்தது. அவளுக்குத்தான் புறப்பட மனமில்லை. "பனியும் பேஸ்மென்றும்தான் கனடா எண்டு எல்லாரும் சொல்லினம். நான் வரேல்ல, நீங்கள் திரும்பி வாங்கோ" என்று ரெலிபோனில் சொல்லிவிட்டாள். சண்டை நடக்கிற ஊருக்குத் திரும்பிப் போகிற காலமா அது? நீ மொப் தடியைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றாய்.

"கவலையை விடு, ஒரு நல்ல படம் எடுத்து அனுப்புவம், பாத்திட்டு வந்திடுவா" என்றேன். கலிபோர்னியாச் செம்மரமொன்றைக் கலண்டரில் பார்த்திருந்தேன். அடியைக் குடைந்து அதற்குள்ளால் கார் ஓடும். "உப்பிடி ஒண்டு இஞ்ச வடக்கிலையும் நிக்குது. எனக்குத் தெரியும்." எனக்குத் தெரியாதது என்ன இருந்தது?

ஒரு ஞாயிறு என் பழைய வான் வண்டியில் அல்கொன்குயின் காட்டுக்குப் போனோம். கதவைத் திறந்ததும் நீ மூக்கை உறிஞ்சினாய். குனிந்து தரையைப் பார்த்தாய்.

"ஆரடா உங்க மொப் அடிச்சது?"

"விசரா, இது காடடா!"

"காட்டுக்கும் எங்கட சாமானைத்தானே ஊத்துறாங்கள்?"

நான் சிரித்த சிரிப்பில் ஒரு கரடி ரோட்டைக் கடந்து ஓடியது. நீ அதைக் காணவில்லை.

எங்கள் ஆட்கள் காட்டுக்குப் போனால் மரமா பார்ப்பார்கள்? அடுப்பும் ஆட்டிறைச்சியும் முதலில் இறங்கின. கறி கொதித்து முடிய வெயிலும் சாய்ந்துவிட்டது. நீயோ கரண்டியைப் பிடித்தபடி மேசையில் தலை வைத்துத் தூங்கிப்போனாய். உலுப்பி எழுப்பி, இழுத்துக்கொண்டு போய், அங்கே நின்ற மிகப் பெரிய பைன் மரத்தோடு நிறுத்திப் படம் எடுத்தேன். மரம் கமராவுக்குள் அடங்கவில்லை. வந்த படத்தில் ஒரு தடித்த அடிமரம், அதன் முன்னால் நீ. அதையே அனுப்பினோம்.

நான் விடுவேனா? ரெலிபோன் காட் வாங்கி அவளுக்குக் கோல் எடுத்தேன். "தங்கச்சி, படத்திலை நிக்கிறது மரத்தின்ரை கால் மட்டும்தான். அதுக்குள்ளாலை நானே கார் ஓட்டிப் போனனான்."

அவள் மரத்தை விட்டுவிட்டு, "அண்ணை, அவர் ஒழுங்காச் சாப்பிடுறவரோ?" என்று கேட்டாள்.

"முழு ஆட்டைத் தின்னுறான் பிள்ளை!"

தவணை முடிய முன்னமே வந்து இறங்கிவிட்டாள். உன்னைக் குடும்பமாக்கி வைத்தது என் வாய்தான் என்று ஸ்காபரோ முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த கோடையில் அவளையும் அங்கே கூட்டிக்கொண்டு போனோம். அவள் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"அண்ணை, கார் போற ஓட்டை எங்க?"

"மரம் வளந்து மூடிப்போட்டுது, தங்கச்சி."

சிரித்தாள். "நான் மரத்துக்கு வரேல்ல அண்ணை. படத்திலை இவரின்ரை கண்ணைப் பாத்தன். நிண்டபடி நித்திரை கொள்ளுற மனிசன். இவரை ஆர் பாக்கிறது?"

நீ அதற்குள் வேரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாய். இந்தப் பகிடியை நீயும் கேட்கவேண்டுமென்று தோளில் கை வைக்கப் போனேன். "எழுப்பாதேங்கோ" என்றாள், மிக மெதுவாக. நிழல் நகர்ந்து போகும்வரை இரண்டு பேரும் உன்னைக் கடிக்க வந்த நுளம்பைக் கலைத்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். அவ்வளவு நேரம் வாய் மூடி நான் வேறெங்கும் இருந்ததில்லை.

போன மாரியில் ஆஸ்பத்திரிக்கு வந்தேனே, அன்றைக்கும் நீ நித்திரை. அவள் கட்டிலருகே இருந்தாள். உனக்குச் சொல்ல ஒரு கதை கொண்டுவந்திருந்தேன்; பஸ்ஸில் வரும்போதே கட்டியது, என் வாழ்நாளிலேயே பெரிய கதை. கூப்பிட வாயெடுத்தேன். இந்த முறை அவள் "எழுப்பாதேங்கோ" என்று சொல்லவில்லை. ஆனாலும் நான் கூப்பிடவில்லை. விடிய முன்னம் நீ போய்விட்டாய்.

களைப்பாயிருக்கிறது மச்சான். அந்தக் கதை இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது. மற்றவர்களுக்குச் சொல்லலாம், ஆனால் நம்பிவிடுவார்கள். பொய்யென்று தெரிந்துகொண்டே "சரி, பிறகு?" என்று கேட்கிற ஒருவனுக்காகக் கட்டிய கதை அது.