பெரியப்பா இனிப் படலையால்தான் வருவார்

சுன்னாகம் சந்தையில் கால் முறிந்து கிடந்த கறுப்பியைச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்த என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம். கறுப்பி இப்போது காலை நன்றாக ஊன்றுகிறது. ஆனால் யார் வந்தாலும் அம்மாவுக்கும் எனக்கும் முன்னால் நின்று உறுமும். வந்தவர்கள்தானே உங்களைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனார்கள்? அதற்கு வேறென்ன தெரியும்?

உங்கள் எட்டாம் நாளன்று, பக்கத்து வளவுப் பெரியப்பா வழமைபோலக் கூப்பிடாமல் வேலியில் ஓட்டையாய்க் கிடந்த பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்தார். கறுப்பி வேட்டியைக் கிழித்துவிட்டது. பல் படவில்லை.

"தம்பியே போயிட்டான், உந்தச் சொறி நாய் என்னத்துக்கு? கொண்டுபோய் விடுங்கோ. இல்லாட்டி நான் பாத்துக்கொள்ளுறன்."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். நம் பழைய நாய் அவர் வளவில் நுரை தள்ளிச் செத்தபோது, "அண்ணைதானே, விடு பிள்ளை" என்றீர்கள். வேலி அடைக்கும்போதெல்லாம் எல்லையில் நட்ட கதியால் தடி ஒரு சாண் நம் பக்கம் வந்தது. அதற்கும் "விடு." மன்னிக்க முன் அந்த நாயிடம் கேட்டீர்களா, அப்பா?

அம்மா பயந்துவிட்டார். "இனி ஆரையும் கடிச்சுதெண்டால் நானே கொண்டுபோய் விட்டிடுவன்."

பெரியப்பா அந்தக் கடிக்காகத்தான் காத்திருந்தார். பொட்டடியில் நின்று தடியை ஆட்டுவார். நான் பொட்டை அடைத்தேன். முள்ளுக்கம்பி கையைக் கிழித்தது, சந்தோஷமாக இருந்தது.

பிறகு கறுப்பிக்குப் பாடம். நீங்கள் அதைச் சுற்றித் தூக்கிவந்த அதே சாக்கை விறாந்தையில் விரித்தேன். வாசல் படலையில் குரல் கேட்டதும் அதில் போய்ப் படுத்தால் தின்ன ஒரு துண்டு பாண். உறுமினால் அடிக்கவில்லை, ஆளைத்தான் தள்ளி நிற்கவைத்தேன். வருகிறவர்களுக்கும் சட்டம் போட்டேன். வெளியே நிற்கவேண்டும், நாயின் கண்ணைப் பார்க்கக்கூடாது, நான் சொன்னபின்தான் உள்ளே. பாண்காரர்தான் முதலில் அகப்பட்டார்.

"தங்கச்சி, உங்கடை வீட்டை வர விசா எடுக்கோணும் போல!"

சிரித்தார். ஆனால் நின்றார்.

உங்கள் திவசத்தன்று பெரியப்பா பொட்டடிக்கு வந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வெயிலில் ஒழுங்கை வழியே சுற்றிப் படலைக்கு வந்தார்.

"பிள்ளை... வரலாமோ?"

உங்களிடம் ஒருநாளாவது இப்படிக் கேட்டாரா?

"கையைக் கீழை விடுங்கோ பெரியப்பா. அதைப் பாக்காதேங்கோ. கொஞ்சம் நில்லுங்கோ."

"எனக்கோ சட்டம்?"

"ஓம். உங்களுக்கும்தான்."

ஐயர் தர்ப்பையை முடிந்து முடிக்கும்வரை நிற்கவைத்தேன். சொந்தக்காரர் எல்லாரும் பார்த்தார்கள். அவர் நிலத்தைப் பார்த்தபடி உள்ளே வந்தார். கறுப்பி சாக்கைவிட்டு அசையவில்லை. கடித்திருந்தால் அவர் வென்றிருப்பார். மாலையில் அம்மா கறுப்பிக்குத் தன் கையால் வடை கொடுத்தார். இனி அதை யாரும் கொண்டுபோக முடியாது.

இது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த மாதம் வேலி அடைப்பு. சாக்கை எல்லைக் கதியாலடியில் விரிப்பேன். கறுப்பி படுத்திருக்கும், பக்கத்தில் நான் நிற்பேன். கதியால் ஒரு விரற்கடைகூட நம் பக்கம் வராது. சத்தியம்.

உங்களுக்குப் பிறந்தும் "விடு" என்று சொல்லத் தெரியாத,
உங்கள் மகள்.