ஐந்து நிமிஷப் படம்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். இனி கைத்தடியோடு நாலு எட்டு நடந்தாலே பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து உடம்பு துடைத்துவிட்டுப் போகிறாள், மற்றதெல்லாம் நான்தான், பாலைக்கூடத் தீயவிட்டு வசவு வாங்கிக்கொள்கிறேன்.

மாடிப்படியில் தவறி விழுந்தாள் என்று போனில் உன்னிடம் சொன்னேனே, அது பாதிதான். அன்றைக்கு மொட்டை மாடியில் என் டெலஸ்கோப்பை வைத்து அந்தச் சுருள் கேலக்ஸியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தைந்து நிமிஷமாக எண்பது படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்தால்தான் அதன் சுருள் கண்ணுக்குத் தெரியும். வெளிச்சம் ஆகாது என்று படிக்கட்டு விளக்கின் சுவிட்சை நானே டேப் போட்டு ஒட்டியிருந்தேன். எனக்குக் குளிருமே என்று அவள் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு இருட்டில் ஏறியிருக்கிறாள். டெலஸ்கோப்பைச் சக்களத்தி என்றுதானே சொல்வாள், சக்களத்தியோடு இருக்கிறவனுக்கு ஸ்வெட்டர்! தடால் என்று சத்தம் கேட்டது, பிறகு "ஏங்க" என்றாள். கேமரா அப்போதுதான் திறந்திருந்தது, நான் ஓரடி வைத்தாலும் தளம் அதிர்ந்து படம் கலங்கிவிடும். ஏதோ சாமான் விழுந்திருக்கும், சாப்பிடக் கூப்பிடுகிறாள், ஐந்து நிமிஷம்தானே என்று நின்றுவிட்டேன். மறுபடியும் "ஏங்க" என்றாள். அப்போதும் நின்றேன் பாப்பா. பாவி, நின்றேன்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் "கூப்பிட்ட உடனே ஓடி வந்துட்டாரு" என்கிறாள், எனக்குத் தலை நிமிரவில்லை. அன்றைக்கு எடுத்ததில் அந்த ஒன்றுதான் துளிகூட அசையாமல் வந்திருக்கிறது, அழிக்கவும் மனசில்லை, பார்க்கவும் முடியவில்லை. நேற்று அவளாகவே, "அந்தப் படம் என்னாச்சு, காட்டவே இல்லையே" என்று கேட்டாள். சரியாக வரவில்லை என்று பொய் சொன்னேன். "நான் கூப்பிட்டதாலயா கெட்டுப்போச்சு?" என்றாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

நீ எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன், ஒரு தடவை வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போ. உங்கள் வீட்டுப் படிக்கட்டில் ராத்திரி முழுக்க விளக்கு எரியட்டும். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில், அப்பா உடனே ஓடி வந்தார் என்று உன்னிடமும் சொல்வாள், நம்புகிற மாதிரியே கேட்டுக்கொள்.

உன் அப்பா