உன்னிடம் இருக்கும் பாதிச் செடி

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்றுதான் சொல்வாய், தெரியும், ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்? அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, புலம்பல்தான் குறையவில்லை. எங்கள் கண்ணாடிக் கடைக்குப் புது மிஷின் வந்திருக்கிறது, லென்ஸை அதுவே தேய்த்துவிடுகிறது, ஃப்ரேமில் மாட்டுவது மட்டும்தான் என் வேலை. மிஷின் லீவு கேக்காதும்மா என்று முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நீ கல்யாணமாகிப் புறப்பட்டபோது நம் ஆர்க்கிட் பூச்செடியின் தண்டை நடுவில் வெட்டி, ஒரே மரக்கட்டையை இரண்டாக அறுத்து, ஆளுக்குப் பாதியாகக் கட்டிக்கொண்டோமே, என் பாதி குளியலறை ஜன்னலில்தான் தொங்குகிறது. சாண் உயரம்கூட இல்லாத செடி, அதற்கு என்ன ராங்கி. மண் ஆகாது, சுள்ளென்ற வெயில் ஆகாது, காற்று வேண்டும், காலையில் நனைத்தால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். நனைந்தால் வேர் பச்சை, காய்ந்தால் வெள்ளை, அதைப் பார்த்துத் தண்ணீர் விட்டால் போதும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஆரம்பத்தில் நான் தண்ணீரே விடாத நாளிலும் இங்கே வேர் பச்சையாகிவிடும். உன்னைப் போனில் கூப்பிட்டால், இப்பதாம்மா நனைச்சேன் என்பாய். ஒரு தடவை இல்லை, பல தடவை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பா மட்டும், ஈரக் காத்தும்மா, வேற ஒண்ணுமில்ல என்பார்.

கொஞ்ச நாளாக எவ்வளவு ஊற்றினாலும் வேர் பச்சையாவதில்லை. வாளித் தண்ணீரில் ஒரு காலை முழுக்க முக்கி வைத்தேன். எடுத்தால் கட்டை சொட்டுகிறது, வேர் மட்டும் எலும்பு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. போன வாரம் ஓர் இலை மடிந்து தொங்கியது. கடைக்கு எடுத்துப்போய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இலையில் விரல் அழுத்திய தடம், ரேகைகூடத் தெரிந்தது. என் விரலை வைத்துப் பார்த்தேன், தடம் பெரியது. அப்பா விரலையும் வைத்துப் பார்த்தேன், அதுவும் பொருந்தவில்லை. நம் வீட்டுக்குள் வேறு யார் வந்தார்கள்? அன்றிலிருந்து அப்பா ஈரக் காற்று என்று சொல்வதில்லை.

நீ போனில் நல்லா இருக்கேம்மா என்கிறாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருமுவது கேட்கிறது. செடி எப்படி என்றால் அவர்தான், நல்லா இருக்கு அத்தை என்கிறார். முகத்தைக் காட்டு என்றால் கேமரா சரியில்லை என்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு, இதைப் பூசி மெழுகி எழுத எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். நீ பதில் எழுத வேண்டாம், போனில் எதுவும் சொல்ல வேண்டாம். அங்கே இருக்க முடியாது என்றால் செடியைத் தூக்கி ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுவிடு. அழுகினால் அழுகட்டும். இங்கே வேர் பச்சையானதும் கிளம்பிவிடுவேன். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டேன். நாலு பேர் பேசினால் அதை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம்.

வேளைக்குச் சாப்பிடு. சம்பளப் பணத்தில் கொஞ்சம் உன் கையில் வைத்துக்கொள், அதை மறக்காதே. ஒரு குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

எப்போதும் உன் பக்கம் நிற்கும்,
அம்மா

கடிதத்தை ஒட்டப் பசை எடுக்கப் போனவள் திரும்ப வந்து எழுதுகிறேன். வேர் நுனி வரை பச்சையாக இருக்கிறது. நான் தண்ணீர் விடவில்லை, அப்பா கட்டையைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்துதான் கிடக்கிறது. நான் சொன்னது இன்னும் உன்னிடம் வந்தே சேரவில்லையே. அப்பா பரண்மேல் இருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறார். இதைத் தபாலில் போடவில்லை, கையில் கொண்டுவந்து தருகிறேன்.