மூன்றாவது வேண்டாம்

சின்யோரா,

இன்று காலை உங்கள் சீனிக்கட்டி ஒன்றைக் கடித்ததில் என் கடைவாய்ப்பல் விண்ணென்று வலித்தது. இவ்வளவு கடினமான சீனியை இந்தச் சிசிலி நகரத்தில் யாரும் விற்பதில்லை. உங்கள் உறவினர் யாராவது ஈரானிலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு. ஒரேத்தோவிலுள்ள என் சின்னக் குசினியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மேசையிலிருந்த உங்கள் நீலக் கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றேன். அது என் வீட்டுக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். உயிரோடு இருந்தபோது என் பேச்சின் நடுவில் தொலைபேசி அடித்தால் எழுந்து போய்விடுவீர்கள். இப்போது கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நாம் சிநேகமானதே சீனியால்தான். நான் உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்த புதிது. மத்தியானப் பாத்திரங்களைக் கழுவிவிட்டு, பின்கதவருகே நின்று வெறும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கையில் ஊரிலிருந்து வந்த பனங்கட்டித் துண்டு. ஒரு கடி, ஒரு மிடறு. வாசலில் நின்று பார்த்த நீங்கள் கைகொட்டிச் சிரித்தீர்கள்.

"நீங்களும் கடிச்சுத்தான் குடிக்கிறனீங்களோ? எங்கடை ஆக்களும் அப்பிடித்தான்!"

உங்கள் இத்தாலியனை நான் என் தமிழில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து பின்னேரத் தேத்தண்ணீர் நமக்குக் குசினி மேசையில்தான். உங்கள் தகப்பனாரின் மாதுளைத் தோட்டங்கள், வாசலில் நின்ற குதிரைகள், பிரபு வீட்டுப் பெண்ணான நீங்கள் ஒரு சிசிலிக்கார இஞ்சினியரைக் கட்டியதால் வந்த சண்டை, பிறகு ஆட்சி மாறித் திரும்பிப் போக வீடே இல்லாமல் போனது, எல்லாம் அந்த மேசையில்தான் சொன்னீர்கள். நான் ஊரைவிட்டு வந்த கதையையும் கேட்டீர்கள். கேட்டு அழுதீர்கள். அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

ஆனால் குசினிக்கு அப்பால் உங்கள் வரவேற்பறை இருந்தது. ஒருநாள் அங்கே ஒரு விருந்தாளி "வேண்டாம்" என்றதும் நான் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்து என்னைத் திருத்தினீர்கள். "முதல் வேண்டாம் மரியாதைக்கு. ரெண்டாவது அழகுக்கு. மூண்டாவதைத்தான் நம்ப வேணும்." உங்கள் நாட்டில் அதற்குத் தாரோஃப் என்று பெயராம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரிலும் இதே கூத்துத்தான், பெயர் மட்டும் வைக்கவில்லை. கேட்டவுடனே "ஓம்" என்று கை நீட்டினால் காணாததைக் கண்டவள் என்பார்கள். "ஐயோ, உங்களுக்கேன் கரைச்சல்" என்று ஒருதரமாவது சொல்லிவிட்டுத்தான் வாங்கவேண்டும். அதன்பிறகு உங்கள் வீட்டில் எல்லோரிடமும் மூன்று முறை கேட்டேன். மிலானோவிலிருந்து வரும் உங்கள் மகள் கியாரா சோறு போதும் என்றால்கூட, அவள் மூன்றாம் முறை மறுக்கும்வரை நீங்கள் கரண்டியைக் கீழே வைப்பதில்லை. பெற்ற பிள்ளையிடமும் அப்படித்தான் இருந்தீர்கள்.

உங்கள் புருஷன் செத்த பிறகு, பிள்ளைகளின் முணுமுணுப்பையும் பொருட்படுத்தாமல், தாய்வழி நகைகளை விற்று பிரான்காச்சோப் பகுதியில் ஏழைப் பிள்ளைகள் படிக்க ஒரு வீடு திறந்தீர்கள். சனிக்கிழமைகளில் நான் அங்கே சமைத்தேன். என் மகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். வருடந்தோறும் ஒரு பெண்பிள்ளையை உங்கள் செலவில் மேற்படிப்புக்கு அனுப்பினீர்கள். என் மகளுக்கு ஒரே ஆசைதான்: மொழிபெயர்ப்பாளராக வேண்டும். பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டபடியே குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வரிசையில் நின்று, பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வந்த எங்கள் ஆட்களுக்கெல்லாம் வாயாக இருந்தவள் அவள். அந்தப் படிப்பு வடக்கே, திரியெஸ்தேயில் இருந்தது. எனக்கு எட்டாத தூரம்.

அவள் பள்ளி முடித்த கோடையில், தேத்தண்ணீர் நேரத்தில், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

"இந்த முறை உன்ர மகளை நான் திரியெஸ்தேக்கு அனுப்பட்டோ?"

"ஐயோ, வேண்டாம் சின்யோரா, உங்களுக்கேன் கரைச்சல்" என்றேன். சொல்லிவிட்டு, துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டு, நீங்கள் அடுத்தமுறை கேட்பதற்காகக் காத்திருந்தேன். நீங்கள் என் தோளில் தட்டினீர்கள். "சரி, உன்ர விருப்பம்" என்று சொல்லி, இன்னொரு சீனிக்கட்டியை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் கேட்டாள்.

"ஏனம்மா வேண்டாமெண்டனீங்கள்?"

"அவ இன்னொருக்காக் கேப்பா, பிள்ளை. அவையின்ர வழக்கம் அது."

"அது அவையின்ர விருந்தாளியளுக்கு. நாங்கள் அங்கை தேத்தண்ணி ஊத்துற ஆக்கள், குடிக்கப் போன ஆக்களில்லை."

அவளை ஏசினேன். உங்களைப் பற்றி அப்படிக் கதைக்கக்கூடாது என்றேன். நீங்கள் கேட்பீர்கள் என்று அந்தக் கிழமை முழுதும் தேத்தண்ணீரை மெதுவாகக் குடித்தேன். ஆகஸ்ட் வந்தது. வெட்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நானே வாய்விட்டுக் கேட்டேன். நீங்கள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டீர்கள்.

"நீ வேண்டாமெண்டனி. நான் அதை மதிச்சு வேறை பிள்ளைக்குக் குடுத்திட்டன்."

"மரியாதைக்குச் சொன்னனான் சின்யோரா. உங்கடை ஆக்கள் சொல்லுற மாதிரி."

"உன்னோடை எனக்கென்ன தாரோஃப்? நீ வீட்டாள் எல்லோ!"

வீட்டாள். அந்தச் சொல்லை இன்றுவரை மென்றுகொண்டுதான் இருக்கிறேன், விழுங்க முடியவில்லை. வீட்டாள் என்றால் கியாராவிடம் ஏன் மூன்று முறை கேட்டீர்கள்? ஒரு கரண்டிச் சோற்றுக்கு அவ்வளவு நேரம் நின்ற கை, என் பிள்ளையின் வாழ்க்கைக்கு ஏன் நிற்கவில்லை? விருந்தாளி "வேண்டாம்" என்றால் அது நாகரிகம், வேலைக்காரி சொன்னால் அது முடிவு. பிழை என்னுடையது என்று நான் எழுதுவேன் என்று நினைக்காதீர்கள். அந்த வழக்கத்தை எனக்குப் படிப்பித்ததே நீங்கள்தான்.

அடுத்த வருடம் பார்ப்போம் என்றீர்கள். என் மகள் விடவில்லை. "இனி அவவிட்டை வாய் திறக்கப்படாது" என்றாள். துறைமுகத்தில் நாப்போலிக்குப் போய்வரும் கப்பல்களின் அறைகளைத் துப்புரவாக்கும் வேலைக்குப் போனாள். இன்றும் அதே வேலைதான். நான் மட்டும் உங்களிடம் தொடர்ந்து வந்தேன். கடைசியில் நீங்கள் கட்டிலோடு கிடந்தபோது தேத்தண்ணீரைக் கரண்டியால் ஊட்டினேன். அது அன்பா, சம்பளமா என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

போன மாதம் பிரான்காச்சோ வீட்டில் உங்கள் படத்துக்குக் கீழே ஒரு கல் பதித்தார்கள். "கேட்குமுன்னே கொடுத்தவர்" என்று அதில் வெட்டியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை ஒழியவில்லை, தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கியாராவும் நானும் உங்கள் வீட்டுச் சாமான்களை ஒதுக்கினோம். உங்கள் தாயாரின் நீலக் கிண்ணத்தை அவள் சீனியோடு கையில் எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இது உங்களிட்டைத்தான் இருக்கவேணும்" என்றாள். முதல் முறை. நான் மறுப்பேன் என்று அவள் காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. உங்கள் வளர்ப்பல்லவா! "ஓம், தாங்கோ" என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவள் விரல்கள் கிண்ணத்தை விட்டு ஒவ்வொன்றாகத்தான் கழன்றன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கமாட்டேன். பஸ் ஒரேத்தோவுக்கு வந்து சேருமுன்னே அந்தச் சந்தோஷம் தீர்ந்துபோனது.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது கிண்ணம் மட்டுமல்ல, அந்தக் கேட்கும் பழக்கமும்தான். கிண்ணம் வந்த அன்று மகளிடம், "இப்ப என்னட்டைக் கொஞ்சம் சேர்ந்திருக்கு, திரியெஸ்தேக்குப் போய்ப் படியன்" என்றேன். "வேண்டாம் அம்மா" என்றாள். மரியாதைக்கு என்று விட்டேன். போன ஞாயிறு திரும்பவும் கேட்டேன். சிரித்துக்கொண்டு "வேண்டாம்" என்றாள். அழகுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

இன்று காலை, துறைமுகத்துக்குப் புறப்பட்டுச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தவளிடம் மூன்றாம் முறை கேட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம் அம்மா. அந்த ஆசை எனக்கு இப்ப இல்லை. போயிட்டு வாறன்."

கதவு சாத்திய பிறகுதான் சீனிக்கட்டியை அவ்வளவு பலமாகக் கடித்தேன். மூன்றாவதை நம்பவேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், சின்யோரா. நம்பிவிட்டேன்.