லாந்தரில் ஊற்றிய தண்ணீர்

1932 பிப்ரவரி 8, திங்கள்

தலைமை வாத்தியார் ஏசுஅடிமை இன்று இரண்டு புளிய விளார்களை முறித்தார். முதலாவது ஜெபமணியின் கையில், இரண்டாவது என் கையில். கங்கை எங்கே உற்பத்தியாகிறது என்பது கேள்வி. ஜெபமணி சரியாகத்தான் சொன்னாள். எழுந்திருக்கத் தாமதித்தாள் என்று அவளுக்கு ஏழு அடி. எனக்குத் தெரியவில்லை, எனக்கு மூன்று. இது எந்தக் கணக்கு?

சாயந்தரம் புது வாத்தியார் ஞானதாசன் சார் வண்டியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். மாஜிக் லாந்தர்! மிஷன் மூன்று வாரத்துக்கு இரவல் தந்திருக்கிறது. கண்ணாடியில் எழுதிய படத்தை உள்ளே சொருகி விளக்கை ஏற்றினால் சுவரில் ஆள் உயரத்துக்குத் தெரியுமாம். “கண்ணால் பார்த்த பாடத்தை அடித்து ஏற்ற வேண்டியதில்லை” என்றார் சார். தலைமை வாத்தியார் காதில் விழுந்திருக்கும்.

படம் மாற்றும் வேலை எனக்கு. எனக்கு!

பிப்ரவரி 11, வியாழன்

மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழா வருகிறது. கூட்டம் கூடினால் வாந்திபேதியும் வரும். அதனால் நாளை சபைக் கமிட்டியார் முன்னால் குடிதண்ணீரைப் பற்றிப் பாடம். சபைக் கிணற்றிலிருந்து ஒரு குப்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார் சார். ஒட்டிய இரு கண்ணாடிகளுக்கு நடுவே அதை ஊற்றி லாந்தரில் வைத்தோம். சுவரில் வெறும் வெளிச்ச வட்டம். ஒரு தூசி இல்லை.

சார் முகம் வாடிவிட்டது. “நாளை அடியிலிருந்து மொண்டு வா, நேசபாய். ஏதாவது இருக்கும். ஒன்றும் தெரியாவிட்டால் நாளையே பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.”

அனுப்பக் கூடாது.

பிப்ரவரி 12, வெள்ளி

ஜன்னல்களை ஓலைப்பாயால் அடைத்துவிட்டுக் காட்டினோம். சுவரில் முழங்கை நீளப் புழுக்கள்! லாந்தரில் எல்லாம் தலைகீழாகத் தெரியும்; மேலே நீந்துகிறவை கீழே விழுவதுபோல் துடித்தன. பெண்கள் அலறினார்கள். ஒருவர் வெளியே ஓடி வாந்தி எடுத்தார். “இது நம் சபைக் கிணற்றுத் தண்ணீர். காய்ச்சிக் குடியுங்கள்” என்றார் சார்.

அது சபைக் கிணற்றுத் தண்ணீர் அல்ல. காலையில் கிணற்றடிக்குப் போகாமல் எங்கள் எருமை குடிக்கும் கல்தொட்டியில் மொண்டேன். சாரிடம் சொல்லவில்லை. பாடம் உண்மைதானே? அழுக்குத் தண்ணீரில் புழு இருக்கும்தானே? எந்தத் தண்ணீராய் இருந்தால் என்ன?

அப்போது இருட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல்: “மூணு மாசத்துக்கு முந்தி இந்தப் புழு உண்டுமா?”

கிழக்குத் தெருவார் சபையில் சேர்ந்து ஆறு வருஷமாகியும், இந்தக் கிணற்றில் அவர்கள் வாளி போட உத்தரவு கிடைத்தது மூன்று மாதத்துக்கு முன்புதான். கமிட்டியில் கடைசிவரை எதிர்த்தவர் அப்பா. ஜெபமணி கிழக்குத் தெரு.

பிப்ரவரி 13, சனி

கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டுவிட்டார்கள். கிழக்குத் தெருக் குடங்கள் பதினொன்று உடைந்து கிடக்கின்றன.

பிப்ரவரி 14, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஜெபமணியின் அப்பா பொன்னுலிங்கம் குடத்தோடு வந்தார். ஞானஸ்நானத்தில் அவருக்குப் பவுல் என்று பெயர். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

“குடிக்க ஒரு கொடம் மட்டும் எடுத்துக்கிடட்டு” என்றார்.

“புழு விட்டது போதாதாலே?” — இது அப்பா.

“எங்க பிள்ளைகளும் அந்தத் தண்ணியத்தான குடிக்கு? எங்க வயித்துக்கு நாங்களே புழு விடுவோமா?”

பதில் இல்லாததால்தான் அடித்தார்கள் என்று நினைக்கிறேன். அவருடைய குடத்தையே அவர் தலையில் போட்டு உடைத்தார்கள். அப்பா கிணற்றுக் கயிற்றை நாலாக மடித்து முகத்தில் அடித்தார். விழுந்த பிறகும் அடித்தார். ஜெபமணி அவர்மேல் குப்புற விழுந்து கிடந்தாள். அவள் முதுகிலும் கயிறு விழுந்தது. ஜெபப்புத்தகம் கையிலிருந்த ஆட்களே காலால் மிதித்தார்கள். நான் மதிலோரம் நின்றேன். நின்றேன்.

அப்பாவின் சட்டையை அம்மா கல்தொட்டித் தண்ணீரில் அலசினாள். தொட்டி சிவந்தது.

பிப்ரவரி 15, திங்கள்

ஜெபமணி வரவில்லை. கிழக்குத் தெருப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை.

சாரிடம் சொல்லிவிட்டேன். நெடுநேரம் லாந்தரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “உன்னை யார் தொட்டியில் எடுக்கச் சொன்னது?” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “இதை யாரிடமும் சொல்லாதே. சொன்னால் இனி எந்த ஊரிலும் லாந்தரை நம்ப மாட்டார்கள்” என்றார்.

லாந்தரை நம்ப வேண்டும். சரி. பொன்னுலிங்கத்தை?

பிப்ரவரி 16, செவ்வாய்

அப்பாவிடம் சொன்னேன். நம்ப மாட்டார் என்று பயந்தேன். உடனே நம்பினார். அதுதான் பயங்கரம். நம்பிவிட்டுத்தான் அடித்தார்.

“இது வெளிய தெரிஞ்சா நான் ஊருல தல நிமிந்து நடக்க முடியுமாட்டி? வாயத் தொறந்தே, வெட்டித் தென்னைக்கு வளமாப் போடுவேன்!”

தலைமயிரைப் பிடித்துத் தூணில் இரண்டு தடவை. கீழ்வரிசைப் பல் ஒன்று ஆடுகிறது. அம்மா கதவைச் சாத்தினாள் — அடி வெளியே கேட்காமல் இருக்க.

பிப்ரவரி 17, புதன்

பொன்னுலிங்கத்தின் இடது கண் இனித் தெரியாதாம்.

பிப்ரவரி 22, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். வலது கை வெந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் லாந்தர். வேதப் படங்கள். நான் போகாவிட்டால் ஊர் ஏன் என்று கேட்கும் என்று அப்பாவே இழுத்துக்கொண்டு போனார். பாவாடை மடிப்பில் இரண்டு குப்பிகள் வைத்திருந்தேன். அன்று விடியற்காலையில் முள்ளை விலக்கிக் கிணற்றில் எடுத்தது ஒன்று. தொட்டியில் எடுத்தது ஒன்று.

நாலாவது படத்துக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரை வைத்தேன். வெளிச்ச வட்டம். சார் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தார், விடவில்லை நான். “இது சபைக் கிணறு!” என்று கத்தினேன். தொட்டித் தண்ணீரை வைத்தேன். புழுக்கள் துடித்தன. “இது எங்கள் வீட்டு எருமைத்தொட்டி. போன வெள்ளியும் இதைத்தான் வைத்தேன். நான்தான். கிழக்குத் தெருவார் ஒன்றும் செய்யவில்லை!”

கூட்டத்தில் யாரோ, “பெட்டி பொய் சொல்லுகு!” என்றார்.

ஜன்னலுக்கு வெளியே நின்று ஓலைப்பாய் இடுக்கில் பார்த்த கிழக்குத் தெருப் பெண் ஒருத்தி சிரித்தாள். “போன வாரம் நெசம் சொன்ன பெட்டி, இன்னைக்கு மட்டும் பொய் சொல்லுகாக்கும்?”

அதுதான் பொறுக்கவில்லை அவர்களுக்கு. பெஞ்சு பறந்து வந்தது. லாந்தர் கவிழ்ந்தது. எண்ணெய் என் கையில் சிந்திப் பற்றிக்கொண்டது, ஜன்னல் ஓலைப்பாய் எரிந்தது. இருட்டில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. சார் என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அவர் நெற்றியும் உடைந்திருந்தது. “ஏன் செய்தாய், ஏன் செய்தாய்” என்று அழுதார்.

மார்ச் 3, வியாழன்

சாரைக் குலசேகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் படிப்பை அப்பா நிறுத்திவிட்டார்.

ஜூன் 5, ஞாயிறு

முள்ளை எடுத்து மாதம் ஒன்றாகிறது. யார் எடுத்தார்கள் என்று ஒருவரும் பேசவில்லை. கிழக்குத் தெருவார் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கமிட்டி ஆளனுப்பியது. “ஒங்க கெணறு ஒங்களுக்கே இருக்கட்டு” என்று பொன்னுலிங்கம் சொல்லி அனுப்பினாராம். கடற்கரைப் பக்கம் சொந்தமாகக் கிணறு வெட்டிவிட்டார்கள்.

அப்பா வெளியூர் போயிருந்ததால் இன்று அங்கே நடந்தேன். கிணற்றடி மணலில் ஜெபமணி எட்டுப் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து விரலால் எழுத்து எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

“என்னத்துக்கு வந்தே?”

சொல்ல வேண்டும் என்று வழிநெடுகச் சேர்த்துவைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. “தண்ணி தவிக்குட்டி” என்றேன்.

குடத்துக்குக் கை நீட்டினேன். “தொடாதே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “கையக் கூட்டிப் பிடி. நான் ஊத்துகேன்.”

தழும்பேறிய கையையும் மற்றக் கையையும் சேர்த்து, குனிந்து நின்றேன். குடம் என்மேல் படாத உயரத்திலிருந்து ஊற்றினாள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் உப்புக் கரித்தது. அவள் நிறுத்தும்வரை குடித்தேன்.