ஒரு டப்பா புகைக்கரி

சென்னை
12-2-1977

அன்புள்ள மாமாவுக்கு,

ரத்தினசாமி எழுதுவது. நீங்களும் குழந்தை கமலாத்தாளும் சுகம்தானே? அக்கா போய் இரண்டு மாதமாகியும் தபால்காரரிடம் அவள் கடிதத்தைத் தேடுகிறேன்.

ஒரு காரியம். ஆபரேஷனில் எடுத்த அக்காவின் நுரையீரல் துண்டை ஆராய்ச்சிக்குக் கேட்டேனே, "வெட்டி எறியறதுதானே, எடுத்துக்க சாமி" என்றாள். நகரத்துப் புகை நுரையீரலை என்ன செய்கிறது என்று அளக்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க, மலைக்காற்றைச் சுவாசித்த நுரையீரல் வேண்டியிருந்தது. அவளுடையதில் புற்றுநோய் பரவாத ஓரம்கூடச் சரியாக இல்லை. நம் வெல்ல ஆலைப் புகைபோக்கியில் படிந்த கரியைச் சுரண்டி ஒரு டப்பாவில் அனுப்புங்கள். காரணம் பிறகு.

அன்புடன்,
ரத்தினசாமி

காந்தலூர்
23-2-1977

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சென்னியப்பன் எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். நேரத்துக்குச் சாப்பிடு.

கரியைப் பவுடர் டப்பாவில் அனுப்பியிருக்கிறேன். "ஏனுங்க, மெட்ராஸ்ல கரிக்குப் பஞ்சமுங்களா?" என்று போஸ்ட் மாஸ்டர் சிரித்தார்.

கரியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? உன் அக்கா மருதாத்தாளைக் கொன்றது என் பீடிதான். இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து ஊதினேன். காரியம் முடிந்த அன்றே பீடிக்கட்டை அடுப்பில் எறிந்தேன். அவள் இருக்கும்போதே எறியாமல் போனேனே, பாவி.

பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு இப்போது அம்மா இடத்தில் கமலாத்தாள்தான் ஆலைக்குத் தீ போடுகிறாள். உடுமலையிலிருந்து பழைய டயர் ஒரு லோடு வந்தது. நீ காட்டிய வழி. விறகுக்காகக் காட்டிலாகா கார்டிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
சென்னியப்பன்

சென்னை
9-4-1977

மாமா,

இந்தக் கடிதத்தை நாலு முறை கிழித்தேன். பீடிதான் காரணம் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும்படியே ஆறு வாரம் விட்டுவிட்டேன். கோழை நான்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று நூல் மாதிரி ஒன்று உண்டு. சர்க்கரைக் கரைசலில் விட்டுச் சுழற்றினால் முழு நூல் அடிக்கு இறங்கும், அறுந்தது மேலேயே நிற்கும். அக்காவுடையது பெரும்பாலும் மேலேயே நின்றது. பீடி குடித்தவர்களுடையதைவிட மோசம். நீங்கள் அனுப்பிய கரியை நல்ல செல்களில் போட்டுப் பார்த்தேன். டப்பா வந்த வாரமே தெரிந்துவிட்டது. அவையும் அப்படியே அறுந்தன.

அது டயர்க்கரி மாமா. டயரை எரிக்கச் சொன்னது நான். கல்லூரி லீவில் வந்து பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். "தம்பி படிச்சவன்" என்று அக்காதான் முதல் டயரை உருட்டி வந்தாள்.

ஒரே துண்டை வைத்து முடிவு கட்டாதே என்கிறார் பேராசிரியர். அந்தச் சாக்கு எனக்கு வேண்டாம். கமலாத்தாளை அடுப்படியிலிருந்து எழுப்புங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

ரத்தினசாமி

காந்தலூர்
19-4-1977

ரத்தினசாமிக்கு,

கண்ணாடி உடைந்துவிட்டதால் கமலாத்தாள்தான் உன் கடிதத்தைப் படித்தாள். பாதியில் நிறுத்தி, "நான் தீ போட்டுட்டு இருந்தப்பவே மாமனுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். 

அடுப்பை அணைத்தாயிற்று. ஜூனில் அவள் பள்ளிக்கூடம் போவாள்.

மிச்ச டயரைப் புதைக்கக் குழி வெட்டினேன். மற்ற ஆலைக்காரர்கள் விலைக்குக் கேட்டு வந்தார்கள். அந்தப் புகை ஆகாது என்றால் சிரிக்கிறார்கள். "உங்க மாப்பிள்ளை சொல்லித்தானுங்க நாங்களும் எரிக்கறோம், படிச்சவருங்க அவரு" என்கிறார்கள். இந்தப் பக்கம் இன்னும் பத்து ஆலை இருக்கிறது. பத்திலும் பொம்பளைகள்தான் தீ போடுகிறார்கள்.

நான் சொன்னால் எடுபடாது. நீ வா. எனக்கு எழுதியதை ஒவ்வொரு அடுப்படியிலும் நின்று உன் வாயால் சொல். பத்திலும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன். அதற்கு முன்னால் என் வாசல்படி ஏறாதே.

சென்னியப்பன்